வாசலில் ஒரு நோட்டு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போன இதழில், இடிந்த கட்டடம் கிடந்த ஒரு மனையில் முப்பது குடும்பங்கள் சேர்ந்து பசுமைக்குடில் நடத்துவதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரிக்குத்தான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு அறிமுகம். நான் இரும்புக்குழாய் வளைத்துப் பசுமைக்குடில் நிறுத்தும் தொழிலில் 22 ஆண்டு இருந்தவன். அந்த முப்பது குடும்பத்தில் எங்கள் குடும்பமும் ஒன்று. வெல்டிங் விட்டுப்போனால் மட்டும் என்னைத் தேடுவார்கள், மற்ற நேரத்தில் நானும் களை பிடுங்குகிறவன்தான்.

கேள்வி (கட்டடக்கலை மாணவி): எங்கள் நகரில் பல ஆண்டுகளாகக் குப்பை கொட்டிக் கிடக்கும் ஒரு ஏக்கர் நிலத்தில், 30 குடும்பங்கள் வெளியிலிருந்து எதையும் வாங்காமல் வாழும்படி ஒரு பசுமைக்குடில் குடியிருப்பை வடிவமைக்கிறேன். உணவு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் உள்ளேயே. இது நடக்குமா?

"எல்லாம்" என்ற சொல்லை அடித்துவிட்டால் நடக்கும்.

எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் 'பயோஸ்பியர் 2' என்று 1.27 ஹெக்டேரில் ஒரு கண்ணாடி உலகம் கட்டினார்கள். உள்ளே மழைக்காடு, ஒரு குட்டிக் கடல், வயல். 1991 செப்டம்பர் 26ஆம் தேதி எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள், சரியாக இரண்டு ஆண்டு இருந்தார்கள். சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு உள்ளேயே விளைந்தது, அது பெரிய சாதனைதான். ஆனால் எட்டுப் பேரும் மெலிந்துபோனார்கள். பசி அவர்களை விட்டு நீங்கவே இல்லை. வயல் சுமார் அரை ஏக்கர், அதாவது தலைக்கு 250 சதுர மீட்டர். அது போதவில்லை.

அதைவிட எனக்குப் பிடித்த விஷயம் காற்று. வெளிக்காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் உள்ளே 14 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து, 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்ற வேண்டியதாயிற்று. வயலில் தாராளமாகப் போட்ட மக்கு உரத்தில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விட்டன. அந்த வாயு செடிக்குப் போய் மறுபடி ஆக்சிஜனாகத் திரும்பியிருக்க வேண்டும். நடுவில் கான்கிரீட் சுவர் அதை உறிஞ்சிக்கொண்டது. கணக்குப் புத்தகத்தில் சுவரை யாரும் எழுதவில்லை! மின்சாரமும் பக்கத்தில் இயற்கை எரிவாயு எரித்து வந்ததுதான்.

சரி, உங்கள் நிலத்துக்கு வருவோம். 30 குடும்பம் என்றால் 120 பேர் என்று வைத்துக்கொள்வோம். பயோஸ்பியரின் 250 சதுர மீட்டரை எடுத்தால் 30,000 சதுர மீட்டர், ஏறக்குறைய ஏழரை ஏக்கர். அதுவும் அரை வயிறு. உங்களிடம் இருப்பது 4,047 சதுர மீட்டர். தானியமும் எண்ணெயும் உங்கள் நிலத்தின் வேலை இல்லை. தக்காளியில் 100 கிராமுக்கு 18 கலோரிதான். ஒரு நாளைக்கு வேண்டிய 2,000 கலோரியைத் தக்காளியிலிருந்தே எடுப்பேன் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால் தினம் 11 கிலோ சாப்பிட வேண்டும்.

காய்கறி என்று மட்டும் கேட்டால் கதை மாறுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் சாப்பிடச் சொல்கிறது. 120 பேருக்கு ஆண்டுக்கு 17,500 கிலோ. எங்கள் மனையில் முதல் ஆண்டு சதுர மீட்டருக்கு 3 கிலோதான் எடுத்தோம், ஆறாம் ஆண்டில்தான் 7 வந்தது. 7 என்று வைத்தால் உங்களுக்கு 2,500 சதுர மீட்டர் பாத்தி வேண்டும். மீதி 1,500இல் வழிகள், தண்ணீர்த் தொட்டி, உரக்குழி, நாற்றங்கால், கருவி அறை. இறுக்கமாக இருக்கும், ஆனால் அடங்கும். வீடுகளைத் தயவுசெய்து அதன் மேல் வரையாதீர்கள். சுற்றுத் தெருக்களில் வீடுகள் ஏற்கெனவே இருக்கின்றன, அவர்கள்தான் உங்கள் குடியிருப்பு.

இன்னொன்று. உங்கள் வரைபடத்தில் வாசல் பக்கத்தில் ஒரு ஆணி வரையுங்கள், நோட்டு மாட்ட. இடது பக்கம் "உள்ளே வந்தவை", வலது பக்கம் "வெளியே போனவை". விதை, வைக்கோல், பிளாஸ்டிக், மின்சாரம், குழாய்த் தண்ணீர் எல்லாம் எடை போட்டு எழுத வேண்டும். தன்னிறைவு என்று எதையாவது சொல்ல முடியும் என்றால் இடது பக்கம் வருஷத்துக்கு வருஷம் குட்டையாகிறதா என்பதைத்தான். எங்கள் நோட்டிலிருந்து ஒரு மாதத்தைக் கடைசியில் தருகிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்): எங்கள் பக்கத்துக் காலிமனை மண் கறுப்பாக, பொலபொலவென்று நன்றாகத்தான் இருக்கிறது. நேராக அதிலேயே நட்டால் என்ன?

காரீயத்துக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை ஐயா.

நகரத்து மண்ணில் அது இரண்டு வழியில் வந்திருக்கும். ஒன்று, பழைய கட்டடங்களின் பெயின்ட். இன்னொன்று, காரீயம் கலந்த பெட்ரோல். அந்தப் பெட்ரோலை உலகத்தில் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல்தான். சாலையோரத்தில் அத்தனை ஆண்டு படிந்தது மழையில் கரைந்து போய்விடாது, மேல்மண்ணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

எனவே முதல் செலவு மண் பரிசோதனை, மண்வெட்டி அப்புறம். எட்டுப் பத்து இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு எடுத்துக் கலந்து ஒரு மாதிரி அனுப்புங்கள். பழைய சுவர் இருந்த இடம், வண்டி பழுதுபார்த்த இடம், குப்பை எரித்த கரி இருக்கும் இடம் இவற்றை மட்டும் கலக்காமல் தனித்தனியாக அனுப்புங்கள். எங்கள் மனையில் பொது மாதிரி பரவாயில்லை என்று வந்தது. பச்சை பெயின்ட் உரிந்த சுவர் நின்ற மூலையில் மட்டும் அதைப்போல் ஐந்து மடங்கு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்திருந்தால் அந்த மூலை சராசரிக்குள் ஒளிந்துகொண்டிருக்கும், அங்கேதான் குழந்தைகள் விளையாட மணல் கொட்டுவதாக இருந்தோம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு குடியிருப்பு மண்ணுக்கான எச்சரிக்கை அளவை 2024 ஜனவரியில் பத்து லட்சத்தில் 400 பங்கிலிருந்து 200ஆகக் குறைத்தது. அதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

பலர் நினைப்பதுபோல் தக்காளிக்குள் காரீயம் ஏறிவிடும் என்பது பெரிய பயம் இல்லை. காய்க்குள் மிகக் கொஞ்சம்தான் போகும். ஆபத்து தூசியில் இருக்கிறது: கீரை இலையில் ஒட்டும் மண், கிழங்கின் தோலில் ஒட்டும் மண், குழந்தையின் விரலில் ஒட்டும் மண். சூரியகாந்தி நட்டால் மண்ணிலிருந்து காரீயத்தை உறிஞ்சிவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. பூ அழகாக இருக்கும். காரீயம் போகாது.

செய்யக்கூடியது எளிது. தரையில் நீர் வடியும் துணி விரித்து, மேலே 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணும் மக்கு உரமும் நிரப்பி மேடைப் பாத்தி. நடைவழியில் மரச்சில்லு பரப்பித் தூசியை அடக்குங்கள். சோவியத் ஒன்றியம் உடைந்து எரிபொருளும் உரமும் வருவது நின்றபோது கியூபாவின் ஹவானா நகரில் காலிமனைகளில் இப்படித்தான் வரம்பு கட்டி, மக்கு உரம் நிரப்பிக் காய்கறி விளைவித்தார்கள். அவர்களும் தானியத்துக்கு இறக்குமதியைத்தான் நம்பினார்கள் என்பதையும் முன் பதிலோடு சேர்த்துப் படியுங்கள்.

இடிபாட்டு மனை என்றால் சுண்ணாம்பும் சிமென்டும் கலந்து மண் காரமாக இருக்கும். எங்களுக்கு பி.எச். (அமில-கார அளவு, 7 என்றால் நடுநிலை) 8.3 வந்தது. இலை நரம்பு பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக நிற்கும். இரும்புச்சத்து மண்ணில் இருக்கும், செடிக்குக் கிடைக்காது. இதற்கும் மேடைப் பாத்திதான் பதில்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்ற வாசகர்): நிலம் முழுவதையும் பாலித்தீன் கூரையால் மூடிவிட்டால் விளைச்சல் இரட்டிப்பாகும் என்கிறார் எங்கள் ஒப்பந்ததாரர்.

மூடினால் அவருடைய ரசீது கட்டாயம் இரட்டிப்பாகும். நான் அந்தத் தொழிலில் இருந்தவன், சொல்கிறேன்.

குடில் எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். குளிர் ஊரில் அது சூட்டைச் சேர்த்து வைக்கும் பெட்டி. சீனாவின் வடபகுதியில் வடக்குப் பக்கம் தடித்த மண்சுவர் எழுப்பி, தெற்குப் பக்கம் மட்டும் பிளாஸ்டிக் போட்டு, இரவில் மேலே பாய் போர்த்தி, அடுப்பே இல்லாமல் பனிக்காலத்தில் காய்கறி எடுக்கிறார்கள். சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தருகிறது. வெயில் ஊரில் குடில் என்பது ஒரு குடையும் ஒரு கொசுவலையும். மழை அடிக்கக் கூடாது, வெள்ளை ஈ நுழையக் கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. குளிர் நாட்டுப் படத்தைப் பார்த்து வெயில் ஊரில் கட்டியவர்கள் எத்தனையோ பேர், அவர்களில் சிலருக்கு நானே கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் குடில் 300 சதுர மீட்டர், மொத்த மனையான 1,600இல் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிலேயே முதல் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத் திரையைத் தூக்க வேண்டியவர் ஊருக்குப் போய்விட்டார். மதியம் நான் போனபோது உள்ளே தெர்மாமீட்டர் 47 காட்டியது. தட்டுத் தட்டாக 1,400 நாற்று, வெந்த கீரை மாதிரி படுத்திருந்தது. திரையை நான் வைத்த உயரமும் தப்பு, ஆளை நம்பி வைத்த திட்டமும் தப்பு. இரண்டும் என் கணக்கில்தான்.

அப்புறம் கற்றது இது. கூரையின் தாழ்ந்த விளிம்பே நான்கு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். முகட்டில் நீளவாக்கில் திறப்பு வேண்டும், சூடான காற்று தானாக ஏறி வெளியே போகும், மின்விசிறி வேண்டாம். முகட்டுத் திறப்பும் பக்கத் திறப்பும் சேர்ந்து தரைப் பரப்பில் கால் பங்காவது இருக்க வேண்டும். பூச்சி வலை போட்டால் காற்று வெகுவாகக் குறையும், அதனால் திறப்பை இன்னும் பெரிதாக்குங்கள். காற்றோட்டம் சூட்டுக்கு மட்டும் இல்லை. அடைத்த குடிலுக்குள் வெயில் நேரத்தில் செடிகளே கரியமில வாயுவை இழுத்து வற்றவைத்துவிடும், அதன் பிறகு எத்தனை வெயில் அடித்தாலும் செடிக்கு வேலை ஓடாது.

நாற்று, விதைப்பயிர், மழையில் அழுகும் பயிர்கள் குடிலுக்குள். மற்றவை வானத்துக்குக் கீழே. பாலித்தீன் தாள் மூன்று நான்கு ஆண்டில் வெயிலில் நொறுங்கும். பெரிதாக மூடினால் நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வாசல் நோட்டின் இரண்டு பக்கத்திலும் பெரிய எடை எழுத வேண்டிவரும்.

கேள்வி (பொறியாளர்): அடுக்கடுக்காக எல்.இ.டி. விளக்கில் வளர்த்து, சூரிய மின்தகட்டில் ஓட்டினால் இடப் பிரச்சினை தீர்ந்துவிடுமே?

ஒரு சதுர மீட்டர் சாலட் கீரைக்கு முழு வெளிச்சத்தையும் விளக்கிலிருந்து கொடுக்க நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்டுக்கு மேல் ஆகும். ஒரு சதுர மீட்டர் மின்தகடு நல்ல வெயிலில் ஒரு யூனிட் தரும். ஆக, ஒரு அடுக்குக் கீரைக்கு ஒன்றரை அடுக்குத் தகடு. ஐந்து அடுக்கு கட்டினால் கூரை எங்கே இருக்கிறது? வெயிலை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி வெயிலாக்கி இலைக்குக் கொடுப்பதற்குள் பெரும்பகுதி வழியிலேயே சிந்திவிடுகிறது. மலிவான மின்சாரமும் பெரிய முதலீடும் இருந்தவர்களுக்கே இது கைகொடுக்கவில்லை. அமெரிக்காவில் இப்படி அடுக்கில் கீரை வளர்த்த நிறுவனங்களில் ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் மனு போட்டது, பௌவரி 2024 நவம்பரில் கடையையே மூடிவிட்டது.

உங்கள் மின்தகட்டை பம்புக்கு வையுங்கள். 600 லிட்டரை மூன்று மீட்டர் உயரம் ஏற்ற, பம்பின் விரயத்தைச் சேர்த்தாலும் 10 வாட் பல்பு இரண்டு மணி நேரம் எரியும் மின்சாரம்தான்.

கேள்வி (இல்லத்தரசி): ஆழ்குழாயும் இல்லை, குழாய்த் தண்ணீரும் வாரத்துக்கு இரண்டு நாள். இங்கே தோட்டமா?

குடிலின் கூரையே உங்கள் கிணறு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர், இதற்கு மேல் எளிய கணக்கு உலகத்தில் இல்லை. 200 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் பெய்தால் 1,60,000 லிட்டர். சிந்தியது, முதல் அழுக்கு மழையை வெளியே விட்டது எல்லாம் போக 1,28,000 தேறும். உள்ளே 150 சதுர மீட்டர் செடிக்குச் சொட்டுநீரில் நாளுக்கு 600 லிட்டர். ஏழு மாதம் ஓடும்.

கூரையில் சிக்கல் இல்லை. சேர்த்து வைக்கும் இடம்தான் சிக்கல். மழையில்லாத நான்கு மாதத்துக்கு 72,000 லிட்டர் வேண்டும், அது ஆறுக்கு ஆறு, இரண்டு மீட்டர் ஆழத் தொட்டி. பலர் குடிலை வரைந்து முடித்த பிறகு மிச்ச மூலையில் ஒரு பிளாஸ்டிக் டாங்க் வரைவார்கள். தொட்டியை முதலில் வரையுங்கள், நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில். கொசு போகாதபடி மூடி போடுங்கள். வெளிச்சம் புகாமல் இருந்தால் பாசியும் வராது.

குளித்த தண்ணீரை சரளைக்கல் பாத்தியில் கல்வாழை, நாணல் நட்டு அதன் வழியே விட்டு மரங்களுக்குக் கொடுக்கலாம். ஒரு நாளுக்கு மேல் தேக்காதீர்கள், நாறும். பச்சையாகச் சாப்பிடும் இலைகளுக்கு வேண்டாம்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): சமையலறைக் கழிவிலிருந்து வரும் உரமே எல்லாப் பாத்திக்கும் போதும் என்று மாணவர்களிடம் சொல்லலாமா?

சொல்லலாம், கணக்குப் பார்க்கும் மாணவன் ஒருவனும் வகுப்பில் இல்லை என்றால்.

மக்கு உரம் மண்ணுக்கு உயிர். காய்ந்த இலையும் ஈரக் கழிவும் சரியாகக் கலந்து குவித்தால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் ஏறும், அந்தச் சூட்டில் களைவிதையும் நோய்க் கிருமியும் சாகும். ஒரு இரும்புக் கம்பியைக் குவியலில் குத்தி, ஐந்து நிமிஷம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். பிடிக்க முடியாத சூடு என்றால் வேலை நடக்கிறது. ஆனால் வாசல் நோட்டை நினைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் பல ஆயிரம் கிலோ காய்கறி வெளியே போகிறது. அதோடு போன தழைச்சத்து (நைட்ரஜன்) எங்கே இருக்கிறது? தோலிலும் காம்பிலும் கொஞ்சம். மீதியைச் சாப்பிட்டவர்களின் உடம்பு என்ன செய்தது?

ஆம், அதேதான். முகம் சுளிப்பவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவலாம். ஒருவர் சிறுநீரில் ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு கிலோ தழைச்சத்து போகிறது. ஒரு பயிருக்குச் சதுர மீட்டருக்கு 20 கிராம், ஆண்டுக்கு மூன்று பயிர் என்றால் 60 கிராம். முதல் கேள்வியில் பார்த்த 2,500 சதுர மீட்டருக்கு 150 கிலோ. நாற்பத்துச் சொச்சம் பேர் போதும், அந்த 120 பேரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். உரக்கடைக்குப் போகவே வேண்டாம்.

செய்முறை கறாரானது. தனியாகப் பிரித்து, மூடிய கேனில் வைக்க வேண்டும், திறந்தால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும், வாசனையும் ஊரைக் கூட்டும். பல வீட்டிலிருந்து சேர்த்தால் 20 டிகிரி வெப்பத்திலாவது ஆறு மாதம் வைத்த பிறகுதான் எல்லாப் பயிருக்கும் பயன்படுத்தலாம் என்பது 2006இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன வழிமுறை. பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, இலையில் படாமல், மண்ணைக் கீறி ஊற்றி மூட வேண்டும். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். உப்பும் சேர்ந்து வருவதால் சின்னத் தொட்டிச் செடிகளுக்கு வேண்டாம். எங்கள் மனையில் முப்பதில் நான்கு வீடுதான் இதற்கு ஒப்புக்கொண்டது. அந்த நான்கு வீட்டுக்கே தனிப் பாத்தி ஒதுக்கினோம். இரண்டாம் ஆண்டில் அந்தப் பாத்தியின் வெள்ளரியைப் பார்த்துவிட்டு ஏழு வீடானது.

கேள்வி (கல்லூரி மாணவர்): குடிலில் தக்காளி பூத்துக் குலுங்குகிறது. ஒரு காய் இல்லை.

காற்று இல்லை, தேனீ இல்லை, பூவை யார் உலுக்குவார்கள்? காலையில் கொத்தை விரலால் சுண்டுங்கள். பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தமே கெட்டுவிடும், அப்போது சுண்டியும் பயனில்லை. ஐரோப்பியக் குடில்களில் 1980களின் இறுதிவரை ஆட்கள் அதிர்வுக் குச்சியோடு வரிசை வரிசையாக நடந்தார்கள், பிறகுதான் கூடு கூடாக வளர்த்த பம்பிள் தேனீ அந்த வேலைக்கு வந்தது.

கேள்வி (வழக்கறிஞர்): நிலம் உங்களுடையதா? ஆண்டுக் கணக்கில் உழைத்த பிறகு உரிமையாளர் வந்து நின்றால்?

இந்தக் கேள்வியை ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார், அதுவும் வழக்கறிஞர்.

லாஸ் ஏஞ்சலஸில் 1992 கலவரத்துக்குப் பிறகு 14 ஏக்கர் காலி நிலத்தில் சுமார் 350 குடும்பங்கள் தோட்டம் போட்டன. நகராட்சி அந்த நிலத்தைப் பழைய உரிமையாளருக்கே விற்றது. 2006 ஜூனில் போலீஸ் வந்து ஆட்களை வெளியேற்றியது, பிறகு புல்டோசர் வந்தது. இதற்கு நேர் எதிராக பெர்லினில் மோரிட்ஸ்பிளாட்ஸ் சதுக்கத்தில் 2009இல் தொடங்கிய இளவரசித் தோட்டம். நிலம் தங்களுக்கு நிலைக்காது என்று தெரிந்தே, எல்லாவற்றையும் பெட்டியிலும் சாக்கிலும் வளர்த்தார்கள். தூக்கிக்கொண்டு போக முடிகிற தோட்டம்.

எங்களுக்கு எழுத்தில் இருப்பது ஒன்பது ஆண்டுக் குத்தகை. அதனால் குடிலில் கான்கிரீட் அடித்தளமே நான் போடவில்லை. தரையில் திருகி இறக்கும் ஆணிக் குழாய், போல்ட் இணைப்பு. வெல்டிங் இருப்பது கதவில் மட்டும். நான்கு ஆள் ஆறு நாளில் பிரித்துவிடலாம். உங்கள் குத்தகை எத்தனை ஆண்டு என்று சொல்லுங்கள், அடித்தளம் எத்தனை ஆழம் என்று நான் சொல்கிறேன். வாய்மொழி அனுமதி மட்டும் என்றால் பெட்டிப் பாத்தியைத் தாண்டாதீர்கள். அடியில் பழைய சாக்கடைக் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்பதையும் தோண்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்கவில்லை. அது வேறு கதை.

கேள்வி (குடியிருப்போர் சங்கச் செயலாளர்): தொடங்கும்போது எல்லோரும் வருகிறார்கள். ஆறு மாதத்தில் நான் மட்டும் நிற்கிறேன். என்ன செய்வது?

உங்கள் கடிதம்தான் இந்தக் கடிதக் கட்டிலேயே கனமானது. காரீயத்துக்கும் வெள்ளை ஈக்கும் மருந்து இருக்கிறது.

எங்கள் மனைக்கு வாரம் 60 மணி நேர வேலை. முப்பது குடும்பம் என்றால் குடும்பத்துக்கு இரண்டு மணி. காகிதத்தில் எத்தனை சுலபம் பாருங்கள்! மூன்றாம் ஆண்டில் 17 குடும்பம்தான் மிச்சம். போனவர்கள் சோம்பேறிகள் இல்லை. விசாரித்தால் ஒரே காரணத்தைத்தான் வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள்: "வேலை செய்யாதவர்களும் அதே அளவு பை நிரப்புகிறார்கள்." ஒரு வெள்ளரிக்காய்ச் சண்டை எட்டு மாதம் ஓடியது. இரண்டு வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எதிரெதிர்ப் பாத்தியில் களை எடுத்தார்கள்.

எலினோர் ஆஸ்ட்ரம் என்ற அரசியல் அறிஞர், 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்றவர், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். சுவிட்சர்லாந்தின் மலைப் புல்வெளி, ஸ்பெயினின் பாசனக் கால்வாய், ஜப்பானின் ஊர்க்காடு என்று பல நூறு ஆண்டு நிலைத்த பொதுச் சொத்துகளை எடுத்து, அவை ஏன் அழியவில்லை என்று பார்த்தார். யார் உள்ளே, யார் வெளியே என்பது தெளிவாக இருந்தது. விதிமுறைகளை, அந்தச் சொத்தை அனுபவிப்பவர்களே எழுதினார்கள். கண்காணித்தவரும் அவர்களில் ஒருவர். தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறியது. சண்டையைத் தீர்க்கப் பக்கத்திலேயே, செலவில்லாமல் ஒரு இடம் இருந்தது.

நாங்கள் இதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை, அடிபட்டுச் செய்தோம். இப்போது பறித்ததை எடை போட்டு, செய்த மணி நேரத்துக்குத் தக்கபடி பங்கு. முதியவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் உட்கார்ந்து செய்யும் வேலை: விதை உலர்த்துவது, நோட்டு எழுதுவது. தன் முறைக்கு வேலைக்கு வராவிட்டால் முதல் தடவை ஒரு வார்த்தை, இரண்டாம் தடவை கூடுதலாக ஒரு முறை வேலை, மூன்றாம் தடவை சாவி திரும்ப வர வேண்டும். இந்த ஆறு ஆண்டில் சாவி திரும்பி வந்தது ஒரே ஒரு முறை. விட்டுப்போன இடங்களுக்குப் புதியவர்கள் வந்து மறுபடி முப்பது ஆனோம்.

நீங்கள் மட்டும் நிற்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். எல்லாச் சாவியும் உங்கள் இடுப்பிலேயே இருக்கிறதா? இருந்தால் நாளைக்கே நான்கு நகல் எடுங்கள்.

கேள்வி (முதல் கேள்வியின் மாணவியே, பின்குறிப்பாக): அந்த நோட்டில் என்னதான் எழுதுவீர்கள்? ஒரு பக்கம் காட்ட முடியுமா?

போன மாதத்துப் பக்கம், அப்படியே.

உள்ளே வந்தவை: வைக்கோல் 6 கட்டு. பூச்சி பிடிக்கும் மஞ்சள் ஒட்டு அட்டை 40. சொட்டுநீர் மூடி 20. வெள்ளரி விதை ஒரு பொட்டலம் (நம்முடையதில் பூஞ்சை). மின்சாரம் 11 யூனிட். குழாய்த் தண்ணீர் 3,000 லிட்டர், தொட்டி மூடியைத் திறந்து வைத்தவர் யார் என்று தெரியவில்லை.

வெளியே போனவை: காய்கறி 412 கிலோ. அந்த 400 கிராம் கணக்குப்படி எங்கள் 120 பேருக்கு 1,440 கிலோ வேண்டும், மூன்றில் ஒரு பங்குகூட எட்டவில்லை. நாற்று 260, பக்கத்துத் தெருவில் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு. கிழிந்த பாலித்தீன் 9 கிலோ.

அதற்குக் கீழே ஏதோ ஒரு குழந்தையின் கையெழுத்தில்: ஒரு பூனை. மறுநாள் தேதியில் அதே கையெழுத்து, இடது பக்கத்தில்: அதே பூனை.